முதல் சொம்பு

தாமிரபரணியில் இப்போதெல்லாம் வருஷத்துக்கு ஒரே நாள்தான் வெள்ளம். மற்ற நாளெல்லாம் வெறும் மணல். அந்த ஒரு நாளில் வீட்டுக்கடியில் இருக்கும் தொட்டியை நிரப்பிக்கொண்டால்தான் உண்டு.

ஓரகத்தி செண்பகவல்லியைக் கண்டாலே பேச்சித்தாய்க்கு வயிறெரியும். வாய்க்காலில் அவள் மடைதான் முதலில். அவள் தொட்டி வழியும். இவளுடையது பாதிகூட நிறையாது.

“வாசல் தெளிச்ச தண்ணியிலயே மல்லி பூத்துக் கொட்டுது. உங்களுக்கு வேணுமாக்கா?” என்று செண்பகம் நேற்றுகூடக் கேட்டிருந்தாள்.

வெள்ளச் சங்கு ஊதியதும் எல்லாரும் மாடிக்கு ஓடினார்கள். பேச்சித்தாய் மட்டும் செண்பகத்தின் மடைக்கு ஓடி, பலகையை இறக்கி அடைத்தாள்.

“இந்த வருஷம் அவ நாக்கு வறளட்டும்!”

இரண்டு வீட்டுத் தண்ணீரும் பேச்சித்தாயின் ஒரே தொட்டிக்குள் பாய்ந்தது. தொட்டி நிறைந்தது, பிறகு வெடித்தது. தரையைப் பிளந்துகொண்டு அத்தனை தண்ணீரும் ஆற்றுக்கே திரும்பிப் போனது.

வெள்ளம் வடிந்ததும் செண்பகம்தான் முதலில் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

“அழாதீங்கக்கா. என் தொட்டித் தண்ணி ரெண்டு வீட்டுக்கும் காணும். வாங்க, மூடியத் தொறக்கேன். முதச் சொம்பு உங்களுக்குத்தான்.”

பேச்சித்தாய், தான் அடைத்த மடைப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.