பதினாறாம் நம்பர் பாதம்

கோயில் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு ஒரே பேச்சு, உள்ளே இருக்கும் சாமியைப் பற்றித்தான். ஒன்றுகூட உள்ளே போனதில்லை. ஆனாலும் சாமியின் பாதம் பதினாறாம் நம்பர் சைஸ் என்று அடித்துச் சொல்லும். சொல்லிவிட்டு எல்லாம் சேர்ந்து உருகும்.

தணிகாசலத்தின் வலது ரப்பர் செருப்பு மற்றவற்றைவிட ஒரு படி கூடுதலாகவே உருகும். அன்றைக்கு அதன் ஜோடியான இடது செருப்பு, "நாமதான் உள்ள போனதே இல்லையே, பதினாறுன்னு யாரு அளந்தது?" என்று கேட்டுத் தொலைத்தது.

வாசலே திரும்பிப் பார்த்தது. ஒரு கறுப்பு பூட்ஸ் வலதைப் பார்த்து, "ஏம்ப்பா, இதோட ஜோடி நீதானே?" என்றது.

வலதுக்கு மானமே போய்விட்டது. "எனக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று கத்திக்கொண்டே இடதைப் பக்கத்துச் சாக்கடையில் தள்ளிவிட்டது. "பதினாறு! பதினாறு!" என்று வாசலே கோஷம் போட்டது.

சாமி கும்பிட்டு வந்த தணிகாசலம் இடதைத் தேடித் தேடிப் பார்த்தார். பெருமையோடு காத்திருந்த வலதைத் தூக்கி, "ஒத்தச் செருப்ப வச்சு என்ன பண்றது?" என்று எட்டிக்கூடப் பார்க்காமல் அதே சாக்கடையில் வீசிவிட்டு வெறுங்காலோடு நடந்தார்.

இடதுக்குப் பக்கத்திலேயே போய் விழுந்தது வலது. கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மிதந்தது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டது: "ஆமா, யாருதான் அளந்தது?"