கொசுறு

டேப்பைக் கிழிப்பதற்கு முன் டாக்டரம்மா பெட்டியை முகர்ந்து பார்த்தார்.

செத்த பவளம் அழுகின முட்டை மாதிரி நாறும். இந்தத் தெர்மோகோல் பெட்டியில் கடல் வாசம் மட்டும்தான்.

“சம்பந்தி வீட்டுச் சீர் வந்து இறங்கியாச்சு, எல்லாரும் வழிய விடுங்கப்பா” என்றார் தொட்டிக்காரர். ஆய்வுக்கூடத்தின் உப்புநீர்த் தொட்டிகள் அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு. அறையில் இருந்தது அவரும் டாக்டரம்மாவும் மட்டும்தான். வழிவிட வேறு ஆள் இல்லை.

டாக்டரம்மா மருந்து எழுதுகிற டாக்டர் இல்லை. பவளப்பாறையைப் படித்துப் பட்டம் வாங்கியவர். அப்படியும் தெருவில் பாதிப் பேர் அவரை நிறுத்தி இருமலுக்கு மருந்து கேட்டிருக்கிறார்கள்.

சம்பந்தி என்பது தூர தேசத்து ஆய்வுக்கூடத்தின் தலைவர்.

தலை நரைக்காத காலத்தில், நாலைந்து நாடுகள் கூடிய மாநாடு ஒன்றில் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். எந்தக் கடலுக்கு எப்போது என்ன வருமோ. என் கடலின் பவளத்தில் சில கிளைகள் உன் தொட்டியில் வளரட்டும், உன் கடலினுடையது என் தொட்டியில்.

பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சங்கதிதானே. அன்றைக்கே சம்பந்தி ஆகிவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரிந்ததும் அந்தத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுக் கடிதங்களின் அடியில்கூட ‘சம்பந்தி’ என்றே கையெழுத்துப் போட ஆரம்பித்தார்.

உறவெல்லாம் சரி. பேரம் என்று உட்கார்ந்தால் மனுஷன் இரும்பு.

டாக்டரம்மா துணிக்கடைக்காரர் மகள். முழம் போடும்போது எந்த விரல் நகர்கிறது என்று பார்த்து வளர்ந்தவர். அவரையே சம்பந்தி தண்ணீர் குடிக்க வைத்தார். ஒரு கிளை மான்கொம்புப் பவளம் தருவதற்கு இங்கிருந்து இரண்டு கிளை கேட்பார். மாநாட்டு வராந்தாவில் காபி ஆறிப் போகும். பேரம் மட்டும் ஆறாது. மற்ற தேசத்து விஞ்ஞானிகள் சண்டை என்று நினைத்து விலக்க வந்ததும் உண்டு.

ஒன்றை மட்டும் அவர் பேச்சுக்கே எடுக்க விடமாட்டார். மாணவனாக முதன்முதலில் மூழ்கி எடுத்துவந்த நீலப் பவளம் அது. அவருடைய தொட்டியின் நடுவில் இருந்தது. டாக்டரம்மா அதற்குத் தலைச்சன் என்று பெயர் வைத்திருந்தார்.

ஒவ்வொரு தடவையும் பேரம் முடிந்ததும் கேட்பார். “தலைச்சன்ல ஒரு விரல் நீளம், கொசுறா.”

“வேணும்னா கடையையே எழுதித் தர்றேன். அது கிடையாது.”

தன் தொட்டிக்குச் சம்பந்தி நேராகக் கடலில் இருந்துதான் தண்ணீர் எடுப்பார். அதில் தனிப் பெருமை. உங்கள் வீட்டுப் பவளம்தான் மிஷின் போட்டுக் குளிரவைத்த தண்ணீரில் சொகுசாக இருக்கும் என்று கேலி வேறு.

போன கோடையில் இங்கே கடல் சூடேறியது. ஏறின சூடு இறங்கவே இல்லை. டாக்டரம்மா பாடம் படித்த பாறை, கல்யாணத்துக்கு மறுவாரமே முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கின பாறை, முழுக்க வெளுத்தது. பிறகு பாசி மூடிச் செத்தது.

சொந்தத் தொட்டிகளில் அதன் கிளை ஒன்றுகூட இல்லை. வாசலிலேயே கடல் இருக்கும்போது அதை யார் தொட்டியில் வளர்ப்பார்கள்? தொட்டி முழுக்கச் சம்பந்தி வீட்டுப் பிள்ளைகள்தான். அந்தப் பாறையில் மிச்சம் என்று உலகத்தில் இருந்ததெல்லாம் சம்பந்தி திருப்பி அனுப்பிய இந்தப் பெட்டிக்குள் இருந்தது.

அனுமதிக் காகிதங்களை அலுவலகம் பார்த்துக்கொண்டது. டாக்டரம்மாவுக்குப் பெட்டி வந்தால் போதும் என்றிருந்தது.

மூடியைத் திறந்தார். பைகளை ஒவ்வொன்றாகத் தொட்டி நீரில் மிதக்கவிட்டார்.

வெளுப்பு இல்லை. நல்ல பழுப்பு. ஒரு கிளையின் அடியில், அனுப்புவதற்காக எடுத்த அன்று படகு ஆடியபோது அவருடைய கை சறுக்கி வெட்டின தழும்பு அப்படியே இருந்தது. எந்தப் பக்கத்துப் பாறை, அன்றைக்கு என்ன வெயில், சுற்றி வந்த மீன்கள் எப்படிக் கண்ணாடியை முட்டின, எல்லாம் அந்தத் தழும்போடு வந்து நின்றது.

“புகுந்த வீட்டுல நல்லா சாப்பாடு போட்டிருக்காங்க. வெயிட் போட்டு வந்திருக்கு” என்றார் தொட்டிக்காரர்.

டாக்டரம்மா சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

தொட்டிக்காரர் காலிப் பெட்டியை எடுக்கப்போனவர் நின்றார். அடியில் ஈரத் துணி சுற்றி இன்னொரு பை.

“கஞ்சர் மனசு இளகிருச்சு டாக்டரம்மா. கேக்காமலே கொசுறு போட்டிருக்காரு.”

டாக்டரம்மா பையை விளக்குக்கு நேராகத் தூக்கினார்.

நீலம்.

ஒரு விரல் நீளம் இல்லை. இரண்டு கைகொண்டு ஏந்தும் அளவு. முழுசாக.

அவருடைய அப்பாவும் கொசுறு தராதவர். ஒரு கைக்குட்டைகூடச் சும்மா போனதில்லை. ஒரே ஒரு நாள் மட்டும், வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்காமலே ஆளுக்கொரு துண்டுத் துணி மடித்துக் கொடுத்தார். அப்பா நல்லவராகிவிட்டார் என்று சின்னப் பெண் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

தொட்டிக்காரர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா நீலப் பையை மற்றவற்றின் நடுவில் மிதக்கவிட்டார். கை ஈரத்தோடு போனை எடுத்தார். தொண்டையைச் செருமி, பழைய வராந்தாக் குரலை வரவழைத்துக்கொண்டார். வேறு எந்தக் குரலில் பேசினாலும் அந்த மனுஷன் தாங்கமாட்டார்.

“தலைச்சன் வந்து சேந்தாச்சு சம்பந்தி. பதிலுக்கு என்ன கேக்கப் போறீங்க? அதிகமா கேட்டா திருப்பி அனுப்பிருவேன்.”

ஒன்றுக்கு இரண்டு கேட்காமல் ஒரு பேரத்தையும் முடித்ததில்லை அவர். இந்தத் தடவை முதலில் தன் கடலின் இன்றைய சூடு எத்தனை டிகிரி என்று மட்டும் சொன்னார்.

“ஒண்ணும் வேண்டாம். உங்க மிஷினை மட்டும் நிறுத்திடாதீங்க.”