துப்பறியும் அப்பா

"காலையில உங்கம்மா பார்த்தா சர்க்கரை ஒழுங்கா இருக்கு. சாயங்காலம் நான் பார்த்தா மட்டும் முந்நூறா?"

கடையிலிருந்து வந்த கையோடு மகளின் விரலைப் பிடித்துக் குத்திப் பார்ப்பது அப்பாவின் வழக்கம். சின்ன வயதிலேயே சர்க்கரை வந்த பிள்ளை. யாரையும் நம்ப மாட்டார்.

"ஸ்கூல்ல யாரு சாக்லேட் குடுத்தா?"

"யாரும் குடுக்கலப்பா."

"அப்ப உங்கம்மா செல்லம்தான்!"

மனைவி முறைத்தாள். துப்பறியும் புலி பள்ளிக்கூடப் பையைக் கவிழ்த்தது, கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தது. மிட்டாய்த் தாள் சிக்கவில்லை; இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து நேராக, மனைவி மகளோடு டாக்டரிடம் போய் நின்றார்.

"இன்சுலினைக் கூட்டிடுங்க டாக்டர்."

"தேவையில்லாம கூட்டினா குழந்தை மயங்கி விழுந்துடும். எங்க, என் முன்னாடி பாருங்க."

அப்பா மகளின் விரலை அழுத்திப் பிடித்துக் குத்தினார். முந்நூற்றுப் பத்து!

"பார்த்தீங்களா!" அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

டாக்டர் மகளைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, தானே குத்திப் பார்த்தார். நூற்றுப் பத்து.

"சார், உங்களுக்கு என்ன கடை?"

அப்பா தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டார். "இனிப்புக் கடை, டாக்டர். பாகுப் பதம் மட்டும்... நானேதான் விரலால தொட்டுப் பார்ப்பேன்."

மகள் கைதட்டினாள். "அம்மா, திருடன் மாட்டிக்கிட்டாரு!"

அப்பா விலங்குக்கு நீட்டுவதுபோல் இரண்டு கைகளையும் மனைவியிடம் நீட்டினார். அவள் அதில் சோப்பை வைத்தாள்.