ஜெரோமின் எண்ணிலிருந்து

பிறவியிலேயே காது கேளாத அமலோற்பவத்துக்கு மகன் ஜெரோம் புது போன் வாங்கிக் கொடுத்திருந்தான். கூப்பிடுகிறவர்களின் பேச்சு அப்படியே எழுத்தாகத் திரையில் ஓடும். 'இனிமே யார் பேசினாலும் உனக்குப் புரியும்' என்று சைகையில் சொல்லிவிட்டுத்தான் அன்று வேலைக்குக் கிளம்பினான். சாயங்காலம் அவன் படத்தோடு போன் அதிர்ந்தது. சோதித்துப் பார்க்கிறான் என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள். எழுத்துகள் ஓடின.

"அம்மான்னு நம்பர் இருந்துச்சு, அதான் அடிச்சேன். பைபாஸ்ல லாரி தட்டிருச்சும்மா. தம்பி கண்ணு முழிக்கல. பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திட்டோம். நீங்க எங்க இருக்கீங்க?"

பதிலை எழுதி அனுப்ப ஒரு பொத்தான் உண்டு. மகன் காட்டித் தந்திருந்தான். திரையெங்கும் தேடினாள், அது எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஹலோ, கேக்குதாம்மா? ஏதாவது பேசுங்க."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்த நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சத்தம் எழுப்பியதில்லை. இப்போது போனை வாயருகே கொண்டுபோய், அடிவயிற்றிலிருந்து மகனின் பெயரைச் சொன்னாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"அண்ணே, யாரும் பேசமாட்டேங்குறாங்க. ஏதோ மாடு கத்துற சத்தந்தான் கேக்குது. வச்சிரவா?"

அவள் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.