கண்டக்டர் இல்லாத லேப்டாப்

கடைசியில் சிரிப்பு நிச்சயம். ஆனால் அவசரப்படக் கூடாது. முதலில் ஜெயபாலன் ஒரு லேப்டாப் வாங்கி முடிக்கட்டும்.

ஜெயபாலன் மலேசியாவின் பாசிர் கூடாங்கில் ஃபேக்டரி பஸ் ஓட்டுபவர். மகள் லோஷினிக்குக் காலேஜில் இன்டீரியர் டிசைன் படிக்க இடம் கிடைத்திருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருந்தார்.

கடைப்பெண் ஷர்மினி இரண்டு சின்ன லேப்டாப்புகளை எடுத்து வைத்தாள்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு?"

"பார்க்கத்தான் அங்கிள். இதுல படம் காட்டுற வேலையையும் ப்ராசஸரே சேர்த்துப் பார்த்துக்கும். அதுல அதுக்குன்னு தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கு."

ஜெயபாலன் யோசித்தார். "அப்போ இது டிரைவரே டிக்கெட் கிழிக்கிற பஸ். அது கண்டக்டர் தனியா இருக்கிற பஸ்."

ஷர்மினி சிரித்துவிட்டாள். "அதேதான் அங்கிள்!"

"என் பொண்ணுக்குக் கண்டக்டர் உள்ளதே குடு."

"விலை பார்த்தீங்களா அங்கிள்?"

அட்டையை எட்டப் பிடித்துப் பார்த்தார். எண்கள் மங்கலாகத்தான் தெரிந்தன. கண்புரை. ராத்திரி ஷிப்டில் எதிரே வரும் லாரியின் விளக்கு மத்தாப்பாகச் சிதறுகிறது. இப்படியே போனால் லைசென்ஸ் போய்விடும். ஆபரேஷனுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. ஆனால் லேப்டாப் முதலில் என்று போன வாரமே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை.

பர்ஸை எடுக்கும்போது போன் அடித்தது.

"ஹலோ, மிஸ்டர் ஜெயபாலன்? லோஷினியோட காலேஜ்லேருந்து லெக்சரர் மகேஸ்வரன் பேசுறேன்." குரல் மூக்கிலிருந்து வந்தது. "புது ஸ்டூடண்ட்ஸ் வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டு வர்றேன்லா. லேப்டாப்புல தனி கிராபிக்ஸ் கார்டெல்லாம் வேணாம். சின்ன மெஷினுக்குள்ள அதைத் திணிச்சா சூடாகும், பேட்டரியும் நிக்காது. பெரிய வேலைக்குக் காலேஜ்ல லேப் இருக்குலா."

ஜெயபாலன் தன்னையறியாமல் விறைப்பாக நிமிர்ந்து நின்றார். "சரிங்க சார்."

விஷயம் கேட்டதும் லோஷினி முகத்தைத் தொங்கப் போட்டாள். "சாரே சொன்னா சரிதான்பா."

அந்த முகம் அவருக்கு என்னவோ செய்தது. ஆனாலும் வாத்தியார் சொல்லாயிற்றே. டிரைவரே டிக்கெட் கிழிக்கிற லேப்டாப் வீட்டுக்கு வந்தது. ஆஸ்பத்திரிக்கு மறுபடி போன் போட்டார். மிச்சப் பணத்தில் ஆபரேஷனும் முதலில் குறித்த தேதியிலேயே நடந்தது.

மூன்று மாதம் கழித்துக் காலேஜில் மாணவர்களின் கண்காட்சி.

"லோஷினியோட அப்பாவா? நான் மகேஸ்வரன்!" என்று கை நீட்டியவரின் குரல் அடிவயிற்றிலிருந்து இடி மாதிரி வந்தது.

"அன்னிக்குப் போன்ல சளி பிடிச்சிருந்துச்சா சார்?"

"போனா? நான் யாருக்கும் பண்ணலையே! லோஷினி நல்லாச் செய்றா. என்ன, அவ மெஷின்ல ஒரு படம் முடிஞ்சு வர ஒரு மணி நேரம் ஆகுது. தனி கார்டு இருந்தா சீக்கிரம் முடியும்."

ஜெயபாலனுக்குச் சட்டென்று உறைத்தது. வீட்டில் இருக்கிறானே ஒருத்தன், பதினாறு வயது தீபன்! நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார மக்சிக் அம்மாவின் குரலிலிருந்து பஸ் கம்பெனி சூப்பர்வைசர் குரல்வரை எல்லாம் வரும். சூப்பர்வைசர் குரலில் லீவு கொடுத்து, பெற்ற அப்பனையே ஒருநாள் வீட்டில் உட்கார வைத்தவன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினார். "டேய், போன்ல பேசின மகேஸ்வரன் யாருடா?"

"அலமாக்!" தீபன் திருதிருவென்று விழித்தான். "நான்தான்பா. என் ஃப்ரெண்டு செல்வா போன்லேருந்து. சும்மா தமாஷுக்கு."

"அப்பா, அது வந்து..." என்று லோஷினி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு அக்கா!" தீபன் முந்திக்கொண்டான். "எல்லாம் நான்தான்."

"அக்காவுக்கு ஒரு நல்லது கிடைச்சா உனக்குப் பொறுக்காதா? அன்னிக்கு அவ மூஞ்சி எப்படி வாடிப் போச்சு தெரியுமா? இப்பவே கடைக்குப் போறோம். இதைக் குடுத்துட்டு அதை வாங்குறோம். உன் போனையும் சேர்த்துக் குடுக்கப் போறேன்!"

ஊரில் உள்ள குரலெல்லாம் பேசுகிறவன், தன் போனை எடுத்து மேசைமேல் வைத்தான்.

ஜெயபாலன் அறைக்குள் போய் அலமாரி மேலிருந்த லேப்டாப் பெட்டியை இறக்கினார். பில்லைத் தேடி உள் அட்டையைத் தூக்கினார். அடியில் யாரோ ஒளித்துவைத்த, நான்காக மடித்த ஒரு தாள்.

லோஷினியின் பொடி எழுத்து. ஆபரேஷனுக்கு முன்னால் என்றால் எறும்பு ஊர்கிற மாதிரிதான் தெரிந்திருக்கும். இப்போது ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது.

'டேய் தீபா, மூக்கால பேசு. பேச்சுக் கடைசியில லா போடு, ரெண்டு தடவை போதும். சூடாகும், பேட்டரி நிக்காது, லேப் இருக்கு. இது மூணையும் மறந்துடாதே. ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குப் போன் வந்துச்சு. எனக்கு லேப்டாப் வாங்க அப்பா ஆபரேஷனைத் தள்ளிட்டார்டா. நான் வேணாம்னா கேக்க மாட்டார், சார் சொன்னாத்தான் கேப்பார். நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிறேன். நடுவுல சிரிச்சே, கொன்னுடுவேன்.'

இன்னொரு தடவை படித்தார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். இரண்டு தலைகளும் குனிந்தே இருந்தன.

மூக்கைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கையைத் தூக்கினார். தேவைப்படவில்லை. குரல் ஏற்கெனவே மூக்கிலிருந்துதான் வந்தது.

"மிஸ் லோஷினி, மிஸ்டர் தீபன்... லெக்சரர் மகேஸ்வரன் பேசுறேன்லா. ரெண்டு பேரும் சிரிச்சீங்க, கொன்னுடுவேன்!"