கொன்வேயரை நிறுத்தியவர்

டென்மார்க்கின் பிரெடெரிசியாவில் உள்ள அந்த அலுவலகத்தில் காட்டுவதற்கு ஒரு காரின் கதவுகூட இல்லை. ஆனால் கார்த் தொழிற்சாலைகளில் வண்டிக்கூடுகளைச் சுமந்து செல்லும் கொன்வேயர் எப்போது ஓடவேண்டும், எங்கே நிற்கவேண்டும் என்று தீர்மானிக்கும் மென்பொருள் அங்கேதான் எழுதப்படுகிறது.

ஜூன் மாதத்தில் போலந்துத் தொழிற்சாலை ஒன்றின் கொன்வேயர் காரணமில்லாமல் நிற்கத் தொடங்கியது. ஒருமுறை, வர்ணம் பூசிய வண்டிக்கூடுகள் வர்ணத்தைக் காயவைக்கும் சூட்டு அறைக்குள் அகப்பட்டு வெள்ளைக் கார்களெல்லாம் தேநீர் நிறமாக வந்தன. வாடிக்கையாளர் கொதித்துப் போனார். துருவிப் பார்த்ததில், நிறுத்தச் சொல்லும் கட்டளை பிரெடெரிசியாவில் இருந்தே போயிருந்தது. அதுவும் அங்கே வேலை செய்யும் பாலேந்திராவின் கடவுச்சொல்லில்.

இயக்குநர் கிர்ஸ்டனுக்கு நம்ப மனம் வரவில்லை. நின்ற கொன்வேயரை ஒவ்வொரு முறையும் ஓடவைத்தவரே பாலேந்திராதான். பொலிசுக்குச் சொல்லுமுன், பாலேந்திராவுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் துஷாந்தனை அழைத்தார். இந்த நாட்டிலேயே, ஸ்கீவ நகரில் பிறந்த பையன், நல்ல மாதிரி.

"அவர் செய்திருக்கமாட்டார்" என்றான் துஷாந்தன், சுத்தமான டேனிஷில். "யாரோ கடவுச்சொல்லைத் திருடியிருக்கிறார்கள்."

கிர்ஸ்டன் கட்டளைகள் போன நேரங்களைத் திரையில் காட்டினார். பார்த்துக்கொண்டே வந்த துஷாந்தனின் முகம் வாடியது.

"என்ன?"

"ஒன்றுமில்லை."

"துஷாந்தன், சொல்லுங்கள்."

பெருமூச்சு விட்டான். "எங்கள் ஆட்களில் பலர் தினமும் ஒன்றரை மணி நேரம் எந்தக் காரியத்தையும் தொடங்கமாட்டார்கள். இராகுகாலம் என்பார்கள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒவ்வொரு நேரம். அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன், எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இந்தக் கட்டளைகளில் ஒன்றுகூட இராகுகாலத்தில் போகவில்லை. வேறு யாராவது என்றால் ஒருமுறையாவது தவறியிருப்பார்கள்."

"பாலேந்திரா அதைப் பார்ப்பவரா?"

துஷாந்தன் தரையைப் பார்த்தான். "கோயில் நிர்வாகசபையில் இருக்கிறார். என் வாயால் சொல்லவேண்டி வந்துவிட்டதே!"

ஆக, மனிதர் நாசவேலைக்கும் நல்ல நேரம் பார்த்திருக்கிறார். கிர்ஸ்டனுக்குச் சிரிப்பு வரவில்லை. காரணமும் இப்போது விளங்கியது. போலந்துத் தொழிற்சாலைக்குள் இங்கிருந்து நுழைய அனுமதி உள்ளவர்கள் பாலேந்திரா, துஷாந்தன் இருவர்தான். இலையுதிர்காலத்தோடு அதை ஒருவராகக் குறைப்பது என்று முடிவாகியிருந்தது. கொன்வேயர் நிற்க நிற்க, அதை ஓடவைக்கிறவரின் மதிப்புக் கூடும் அல்லவா?

துஷாந்தனே போய் அவரைக் கூட்டி வந்தான்.

"அண்ணை, கிர்ஸ்டன் உங்களைக் கூப்பிடுறா."

"என்னவாம்?"

"வாங்கோவன். ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நான் பக்கத்திலை நிப்பன்."

"ஓம், வாறன்" என்று பாலேந்திரா எழுந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு இரண்டு கேள்விகள்தான் வந்தன. ஐம்பத்தாறு வயதில் இந்த வேலை போனால் வேறு யார் எடுப்பார்கள்? பொலிஸ் வந்து போன வீட்டில் மனைவி சுசீலாதேவி எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்?

"நீங்கள் இராகுகாலம் பார்ப்பவரா?" என்று கேட்டார் கிர்ஸ்டன்.

டேனிஷ்காரியின் வாயில் அந்தச் சொல் வந்தது பாலேந்திராவைத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பொய் சொல்ல வரவில்லை.

"பார்ப்பேன். தவறாமல்."

"அந்த நேரத்தில் எதையும் தொடங்கமாட்டீர்களா?"

"ஒரு மின்னஞ்சல்கூட எழுதத் தொடங்கமாட்டேன்."

கிர்ஸ்டன் துஷாந்தனைப் பார்த்தார். பிறகு பொலிசை அழைக்கத் தொலைபேசியைக் கையில் எடுத்தார்.

துஷாந்தன் பாலேந்திராவின் தோளில் ஆறுதலாகக் கை வைத்தான். "அண்ணை, ஒத்துக்கொள்ளுங்கோ. நான் அவவோடை கதைச்சுப் பாக்கிறன்."

"பொறும் தம்பி, முதல்லை வாசிக்க விடும்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாலேந்திரா திரையை மேலிருந்து கீழாக வாசித்தார். திரும்பவும் வாசித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இதைச் செய்த ஆள் பார்த்திருப்பது ஊர் இராகுகாலம்" என்றார் டேனிஷில்.

"என்ன சொல்கிறீர்கள்?"

"சூரியன் உதித்து மறையும் வரையுள்ள பொழுதை எட்டாகப் பிரித்துத்தான் இராகுகாலம் கணிப்பது. யாழ்ப்பாணத்தில் காலை ஆறுக்கு வந்து மாலை ஆறுக்குப் போகிற சூரியன், இங்கே ஜூன் மாதத்தில் நாலரைக்கு வந்து இரவு பத்துவரை நிற்கிறது. ஊர் நேரம் இங்கே எப்படிப் பொருந்தும்? எங்கள் கோயிலில் டென்மார்க்குக்கு என்றே கணித்துத் தருகிறார்கள். நான் பார்ப்பது அதைத்தான். புதன்கிழமைகளில் ஊர் இராகுகாலம் ஒன்றரைக்கே முடிந்துவிடும். இங்கே இந்த மாதம் இரண்டு மணிக்கும் நடந்துகொண்டிருக்கும். இதோ பாருங்கள், புதன்கிழமை இரண்டு மணி. அடுத்த வாரமும் புதன், இரண்டு மணி. அந்த நேரத்தில் நின்றதை ஓடவைத்ததே மனமில்லாமல்தான். நிறுத்துவதை நானே போய்த் தொடங்குவேனா?"

அவருடைய தோளில் இருந்த கை மெல்ல எடுபட்டது.

அன்று காலைவரை இராகுகாலம் என்று ஒன்று இருப்பதே தெரியாத கிர்ஸ்டன், இப்போது இரண்டு இருப்பதைத் தெரிந்துகொண்டு, பொலிசுக்குச் சொல்ல வசதியாகத் அவனுடைய முழுப்பெயரை எழுத்துக்கூட்டித் தரும்படி துஷாந்தனிடம் கேட்டார்.