தோளில் வந்த குட்டி

கிறிஸ்தவக் கோயில் வெளிச்சுவரில் நல்ல மேய்ப்பர் படம். அவர் தோளில் கிடந்த ஆட்டுக்குட்டியிடம், கீழே தூணில் கட்டியிருந்த கிடாய்க்குட்டி கேட்டது: "அண்ணே, ஒன்ன எதுக்குத் தூக்கி வச்சிருக்காரு?"

"நான் காணாமப் போயிட்டேன் தம்பி. மந்தையவே விட்டுட்டு என்னத் தேடி வந்தாரு."

கிடாய்க்குட்டி துள்ளியது. "நானும் நேத்து காணாமப் போனேன்! நம்ம உபதேசியார் முள்ளுக்காடெல்லாம் தேடி, 'ஸ்தோத்திரம், கெடச்சிட்டான்'னு கண்கலங்கி, தோள்ல போட்டுத் தூக்கியாந்தாரு. அப்ப அவருதான எனக்கு மேய்ப்பர்?"

முற்றத்தில் உபதேசியார், நாளைய அசன விருந்துக்கு அண்டாக்களையும் கறிவெட்டும் கட்டையையும் இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஆமா தம்பி" என்றது படத்துக் குட்டி. சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தது. முடியவில்லை. வரைந்தவர் கண்ணைத் திறந்தே வரைந்திருந்தார்.